எல்லைக்கல் நட்ட காட்டில் எங்களுக்கு என்ன உரிமை?

கேள்வி: மட்டக்களப்பு வாகரைப் பக்கம், இலங்கையின் பூர்வகுடிகளான வேடர் வழி வந்த ஊர் எங்களுடையது. பாட்டன் காலம் தொட்டுத் தேன் எடுத்த காட்டில் இப்போது வன இலாகாவின் எல்லைக்கல் நிற்கிறது. களப்பில் வெளியார் வந்து தங்கூசி (ஒற்றை நைலான் இழை) வலை போடுகிறார்கள். கனடாவில் பூர்வகுடிகளின் அரசே காட்டையும் கடலையும் நிர்வகிக்கிறதாம், அங்கிருக்கும் மச்சான் சொல்கிறார். நாங்களும் அப்படிக் கேட்கலாமா?

பதில்: அதே வடிவில் இன்றைக்குக் கேட்க முடியாது. பூர்வகுடி அரசு என்ற அமைப்பே இலங்கைச் சட்டத்தில் இல்லை. 2007இல் ஐ.நா.வின் பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு இலங்கை ஆதரவாக வாக்களித்தது உண்மை. ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் காணி கேட்க இயலாது.

ஆனால் மச்சான் சொன்ன கனடாக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. கனடாவின் மேற்குக் கரைத் தீவுகளில் வாழும் பூர்வகுடிகளான ஹைடா மக்கள் 1981இலேயே தங்கள் பழைய ஊர்களில் தாங்களாகவே காவல் இருக்கத் தொடங்கிவிட்டார்கள். 1985இல் மரம் வெட்டும் பாதையை மறித்துப் பலர் கைதானார்கள். அந்தத் தீவுகளின் தென்பகுதியான க்வாய் ஹானாஸ் பற்றி அவர்களுக்கும் கனடா அரசுக்கும் உடன்படிக்கை வந்தது 1993இல்தான். அதிலும் காணி யாருடையது என்ற வழக்கு அப்போது தீரவில்லை. எங்களுடையது என்று ஹைடாக்கள் எழுதினார்கள், பக்கத்திலேயே தன்னுடையது என்று கனடா எழுதியது. இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு, இரு தரப்புக்கும் சம எண்ணிக்கையில் ஆட்கள் உள்ள சபை ஒன்றை அமைத்து வேலையைத் தொடங்கினார்கள். ஆகவே நீங்களும் உரித்து வழக்கை முதலில் தூக்க வேண்டாம், பராமரிப்பில் பங்கு கேளுங்கள் என்பேன்.

சரி, எங்கே தொடங்குவது? அந்தக் கல் எந்தச் சட்டத்தின் கீழ் நடப்பட்டது என்று அறிவதில். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் வர்த்தமானி இலக்கமும் எல்லை வரைபடமும் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தேசிய பூங்கா என்றால் நிலைமை கடினம். 1983இல் மாதுறு ஓயா பூங்காவானபோது, பாட்டன் காலக் காட்டில் வேட்டையாடவோ தேனெடுக்கவோ முடியாமல் தம்பானை வேடர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரிந்ததே. வன இலாகாவின் காடு என்றால் வழி சற்று அகலம். 1907ஆம் ஆண்டு வனச் சட்டத்திலேயே, ஒரு கிராம மக்களின் நன்மைக்காகக் காட்டின் ஒரு பகுதியைக் கிராமக் காடாக அறிவிக்கும் அதிகாரம் அமைச்சருக்கு உண்டு.  பிரதேச செயலாளர் வழியாக எழுத்தில் கேளுங்கள்.

களப்புக்குத்தான் சட்டம் அதிகம் கைகொடுக்கும். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் நீரியல் வளச் சட்டப்படி ஒரு நீர்ப்பரப்பை முகாமைத்துவப் பிரதேசமாக அறிவித்து, அங்கு தொழில் செய்வோரே குழு அமைக்கலாம். எந்த வலை, எந்தக் காலம் என்ற பேச்சில் அப்போது உங்கள் குரல் பதிவாகும்.

இதற்கெல்லாம் சான்று வேண்டும். தேன் காலம், வழிபாட்டு இடங்கள், பாதைகள், காட்டுத்தீயை யார் அணைத்தார்கள் என்பதையெல்லாம் பெரியவர்களிடம் கேட்டு எழுதி, திகதியிட்டுக் கையொப்பம் வாங்குங்கள். வரைபடம் இரண்டாக இருக்கட்டும். தேன்மரங்களும் சடங்கு இடங்களும் துல்லியமாகக் குறித்த படம் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும். திணைக்களத்துக்குப் பொதுவான படம் போதும். கொடுத்த தகவல் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, காலக்கெடு. காட்டுக்குள் போகத் தடை வந்தாலோ, சடங்கு செய்ய விடாவிட்டாலோ, ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட வேண்டும். அதே மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது. மட்டக்களப்பிலேயே ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. யார் மீதாவது ஏற்கெனவே வன வழக்கு இருந்தால், தண்டம் சிறிது என்று குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடாதீர்கள். நாளைக்கு உரிமை கேட்கும்போது அந்த ஒப்புதலே எதிராக நிற்கும். முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.