முதலில் சீப்பு, அப்புறம் தண்ணீர்

நாய் வளர்ப்பவர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘நேரமே கிடைப்பதில்லை சார்’ என்றுதான் ஆரம்பிக்கின்றன. எனக்கும் கிடைப்பதில்லை. கேள்விகளுக்குப் போவோம்.

ஷிட்சு நாய் வளர்க்கிறோம். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டிய பிறகுதான் சீவ முடிகிறது. முடி சடை சடையாகக் கட்டிக்கொள்கிறது. (கோவை)

தலைகீழாகச் செய்கிறீர்கள். சிக்கலோடு நனைத்தால், காயக் காய முடிச்சு இறுகும். முதலில் சீப்பு, அப்புறம் தண்ணீர். ராத்திரி டிவி பார்க்கிற நேரத்தில் ஐந்து நிமிடம் போதும். இன்றைக்குக் காதுக்குப் பின்னால், நாளைக்கு அக்குள், அடுத்து கழுத்துப்பட்டைக்கு அடியில், அப்புறம் பின்தொடை. சடை பிடிப்பது பெரும்பாலும் இந்த நாலு இடத்தில்தான். மேலாகப் பிரஷ் தடவினால் பளபளப்பாகத் தெரியும், உள்ளே கம்பளி மாதிரி கட்டியிருக்கும். இரும்புச் சீப்பைத் தோலை ஒட்டி வைத்து நுனி வரை இழுங்கள். தடங்கல் இல்லாமல் வந்தால் சரி. இறுகிய சடையைக் கத்தரியால் வெட்டாதீர்கள். சடையோடு தோலும் மடிந்து மேலே வந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தையல் போட வேண்டி வரும்.

ஐந்து நிமிடமும் இல்லையென்றால், ஷிட்சுவுக்கு முடியைக் குட்டையாக வெட்டிவிடலாம், தப்பில்லை. அடுத்த கேள்விக்காரர் இதைத் தனக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெள்ளை பொமரேனியன். அக்னி நட்சத்திரம் வரப்போகிறது. மொட்டை அடித்துவிட்டால் உடம்பு குளிரும், சீவுகிற வேலையும் மிச்சம் என்கிறார்கள். செய்யலாமா? (வேலூர்)

ஏப்ரல் வந்தால் இதே கேள்வி. என் பதிலும் அதேதான். வேண்டாம்.

நம் ஊரில் பொமரேனியன் என்று சொல்வதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். அது இருக்கட்டும். இரண்டுக்கும் இரட்டை அடுக்கு முடி: வெளியே நீளமான முரட்டு முடி, உள்ளே பஞ்சு மாதிரி அடிமுடி. வெளிமுடி வெயில் நேரே தோலில் விழாமல் தடுக்கிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மொட்டை அடிப்பதால் அந்த இரைப்பு நிற்காது. தோல் வெயிலில் வெந்து சிவப்பதுதான் கூடுதல் பலன்.

போன வருஷம் ஒருவர் தன் ஸ்பிட்ஸைக் கொண்டுவந்தார். எங்கேயோ பேச்சைக் கேட்டு மெஷின் போட்டிருக்கிறார். எட்டு மாதம் ஆகியும் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல், சுற்றிலும் அடிமுடி மட்டும் திட்டுத் திட்டாக. ‘வேற நாய் மாதிரி இருக்கு சார்’ என்றார். சில நாய்களுக்கு வெளிமுடி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். சிலவற்றுக்குப் பழையபடி வருவதே இல்லை.

செய்ய வேண்டியது, கழிந்து நிற்கிற அடிமுடியை ரேக் சீப்பால் (நீளப் பல் வைத்த அடிமுடிச் சீப்பு) வாரி எடுப்பது. வாரத்துக்கு இரண்டு தடவை, பத்து நிமிடம். முதல் தடவை ஒரு தலையணை உறைக்குப் பஞ்சு வரும், பயப்படாதீர்கள். அது போனால்தான் முடிக்குள் காற்று ஓடும். பாத இடுக்கு, ஆசனவாய் ஓரம் இவற்றை மட்டும் ஒட்ட வெட்டலாம். நடை காலை ஏழு மணிக்குள். கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான். தனியாக எழுதிக் கேட்காதீர்கள்.

குழந்தைகளுக்கான ஷாம்பூ போடலாமா? (திருச்சி)

அவசரத்துக்கு ஒரு தடவை, சரி. வழக்கமாக வேண்டாம். நம் தோல் கொஞ்சம் அமிலம், நாயின் தோல் ஏறக்குறைய நடுநிலை. நம் ஷாம்பூவில் அது வறண்டு அரிக்கலாம்.

என் நாய்க்கு முடி கொட்டுகிறது. என்ன மருந்து?

என்ன இனம், என்ன வயது, எங்கே கொட்டுகிறது, சொறிகிறதா, ஒன்றும் இல்லை. ஊர் பெயர்கூட இல்லை. உடம்பு முழுக்கச் சமமாகக் கொட்டினால் சீப்பு எடுங்கள். வட்ட வட்டமாகக் கொட்டினால் டாக்டரிடம் போங்கள்.

உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவலாமா? (தஞ்சாவூர்)

கூடாது. தோல் வெந்துபோகும், நக்கினால் விஷம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். விரலால் நசுக்க வேண்டாம். நாயின் மேல் இருப்பது கொஞ்சம்தான். ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலில் ஏறி, இரண்டாயிரம் மூவாயிரம் முட்டை இடும். அதனால் நாய் படுக்கிற இடத்துச் சந்துபொந்தையும் சேர்த்துப் பாருங்கள். மருந்து டாக்டர் சொன்னதைப் போடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் சொல்லிவிட்டு வாங்குங்கள். நாய்க்கான சில மருந்துகள் பூனையைக் கொன்றுவிடும். ஈறு வெளுத்து, காய்ச்சலோடு சாப்பிடாமல் கிடந்தால் அன்றைக்கே டாக்டர்.

சிப்பிப்பாறை நாய்க்குச் சீப்பு தேவையா? (சிவகாசி)

ஈரத்துணியால் துடைத்து, ரப்பர் பிரஷ்ஷால் இரண்டு இழுப்பு. நேரமில்லாதவர்களுக்கு ஏற்ற முடி. ஆனால் ஓட்டத்துக்கு நேரம் ஒதுக்க வேண்டும், அதை யாரும் கேட்பதில்லை.

நகம் கருப்பு. உள்ளே இருக்கும் ரத்தச்சதை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. (மதுரை)

ஒரே வெட்டாக வெட்டாமல் அரிசி நுனி அளவு சீவிச் சீவி வாருங்கள். வெட்டிய முகத்தின் நடுவில் ஈரமாகக் கருப்புப் புள்ளி தெரிந்தால் நிறுத்துங்கள். ரத்தம் வந்தால் கார்ன்ஃப்ளோர் மாவை வைத்து இரண்டு நிமிடம் அழுத்துங்கள்.

வீட்டுக்கு வரவே இரவு பத்து மணி. அப்போது குளிப்பாட்டலாமா? (சென்னை)

அடிமுடி வரை காயவைக்க உங்களுக்குத் தெம்பு இருந்தால் செய்யுங்கள். லாப்ரடார் என்றால் துண்டுக்கு அப்புறம் டிரையர் இளஞ்சூட்டில் அரை மணி நேரம் ஆகும். காதுக்குள் நேரே அடிக்காதீர்கள். ஈரத்தோடு படுத்தால் இரண்டு நாளில் நாற்றம், மூன்றாம் நாள் அரிப்பு. மாதம் ஒரு குளியல் போதும், அதை ஞாயிறு காலைக்கு வையுங்கள். குளிப்பாட்டும் முன் சீவிவிட்டீர்களா?