பைலட் வாட்ச்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: சார், இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் பைலட் வாட்ச் 55 மி.மீ. அகலமாமே! அதை எப்படிக் கட்டினார்கள்?

பதில்: தடித்த ஜாக்கெட்டின் கைக்கு மேலேயே சுற்றிக் கட்டினார்கள். வார் அவ்வளவு நீளமாக இருப்பது அதனால்தான். உள்ளே ஓடுவது பாக்கெட் வாட்ச் மெஷின். கையுறையோடு சாவி கொடுக்கத்தான் அந்தக் குண்டு கிரவுன் (பக்கத்தில் இருக்கும் திருகு). லாங்கே, ஐ.டபிள்யூ.சி., லாக்கோ, ஸ்டோவா, வெம்பே ஆகிய ஐந்து நிறுவனங்கள் செய்தன. பெயர்தான் பைலட் வாட்ச். அதிகம் தேவைப்பட்டது வழி கணிக்கும் நேவிகேட்டருக்கு.

கேள்வி: அவருக்கு வினாடி அவ்வளவு முக்கியமா?

பதில்: அவர் கணக்கே அதில்தான் நிற்கிறது. இரவில் கடல்மேல் பறக்கையில் செக்ஸ்டன்டால் நட்சத்திரத்தின் உயரக் கோணத்தை அளந்து, அந்த நேரத்தைக் குறித்து, அட்டவணை பார்த்து இடத்தைக் கண்டுபிடிப்பார். பூமி 4 வினாடியில் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் அது ஒரு கடல் மைல். வாட்ச் 30 வினாடி பிசகினால் ஏழரை மைல் தப்பும் (ஏழரை என்றாலே வம்புதான்!). கிரவுனை இழுத்தால் வினாடி முள் நிற்கும்படி செய்ததும் இதற்காகவே: நேர அறிவிப்பு வந்த நொடியில் ஓடவிடலாம்.

கேள்வி: 12 மணி இடத்தில் முக்கோணமும் இரண்டு புள்ளியும் எதற்கு?

பதில்: இருட்டில் எது மேல் பக்கம் என்று தெரிய. 1941-இல் வந்த பி வகை முகப்பில் நிமிட எண்கள் வெளிவட்டத்துக்குப் போயின, மணி எண்கள் உள்ளே சிறு வட்டமாகச் சுருங்கின. என் ஓட்டு இதற்குத்தான். மணி எத்தனை என்பது யாருக்கும் தோராயமாகத் தெரியும். சந்தேகம் வருவது நிமிடத்தில்.

கேள்வி: பிரிட்டிஷ் விமானப்படையின் மார்க் 11 வாட்ச்சுக்குள் இரும்புக்கூடு இருக்கிறதாமே, அண்ணா?

பதில்: ஆமாம் தம்பி. காந்தம் ஏறினால் ஹேர்ஸ்பிரிங்கின் (வாட்ச்சின் வேகத்தைச் சீராக வைக்கும் மெல்லிய சுருள்வில்) சுருள்கள் ஒட்டிக்கொண்டு வாட்ச் தாறுமாறாக ஓடும். விமானத்தில் மின்கருவிகளுக்குக் குறைவில்லை. அதனால் மெஷினைச் சுற்றி தேனிரும்பு உறை. முகப்புத் தகடும் தேனிரும்புதான். காந்தப்புலம் அந்த இரும்பு வழியாகவே சுற்றிப் போய்விடும்.

கேள்வி: தாத்தா காலத்து ராணுவ வாட்ச் இப்போது ஒளிர்வதில்லை. ரேடியம் தீர்ந்துவிட்டதா? திறந்து துடைக்கலாமா?

பதில்: தொடாதீர்கள்! தேய்ந்தது ரேடியக் கதிர் பட்டு ஒளிரும் வேதிப்பொருள் மட்டும். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1600 ஆண்டு ஆகும், அதனால் அது இன்னும் அங்கேயே இருக்கிறது. உதிரும் தூள் மூச்சில் போனால் ஆபத்து.