பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டைச் சீக்கிரம் குறைக்கிறார்களே என்று பயப்படும் தம்பிக்கு

தம்பி, பினாங்கிலிருந்து எழுதியதைப் படித்தேன். அம்மாவுக்கு ஆன்கா வாஸ்குலைட்டிஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே ரத்தக் குழாய்களைத் தாக்கும் நோய்), சிறுநீரகமும் பாதிப்பு; அந்த எதிர்ப்புச் சக்தியை அடக்க ரிடக்சிமாப் மருந்து ஏற்றிய டாக்டர் இரண்டாம் வாரமே பிரெட்னிசோலோனைப் பாதியாக்கிவிட்டார், ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயப்படாதீர்கள். இதே நோயுள்ள 704 பேரை வைத்து நடத்திய பெக்ஸிவாஸ் ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஒரு சாராருக்கு இப்படித்தான் இரண்டாம் வாரமே ஸ்டீராய்டு பாதி. இறப்போ சிறுநீரகச் செயலிழப்போ அவர்களிடம் கூடுதலாகத் தெரியவில்லை. முதல் வருடத்தில் கடுமையான கிருமித்தொற்று குறைந்தது. ஆனால் அவர்களுக்கும் ரிடக்சிமாப் அல்லது அதைப்போல எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு கூடவே போனது. அதை மறக்காதீர்கள்.

என் வீட்டுக்காரருக்கும் இதே நோய்தான். பழைய முறையில் மாதக்கணக்காக ஸ்டீராய்டு அதிக டோஸ். அதனால் முகம் ஊதி, கைக்கடிகார வார் உரசினாலே மணிக்கட்டு கன்றிப்போகும்.

அம்மா தானாகவே மருந்தை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோ, சளியில் ரத்தமோ வந்தால் பனடோல் கொடுத்துக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.