ஜின் டானிக் மருந்தா?

அன்புள்ள ஐயா,

சமீபத்தில் நண்பர்களோடு ஊட்டி போயிருந்தேன். அங்கே ஒரு நண்பர் ஜின் டானிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது சரக்கு இல்லைடா, மருந்து. மலேரியாவுக்குக் கொடுத்த கொயினாவின் கசப்பு தாங்காமல் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஜின்னில் கலந்து குடித்தது" என்றார். இணையத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். உண்மையா? இன்றைக்கும் இதைக் குடித்தால் மலேரியா அண்டாதா? இரண்டே பொருள் உள்ள ஒரு பானம் 150 வருடமாக நிற்பது அதனால்தானா? கடைசியாக, எலுமிச்சையா வெள்ளரிக்காயா என்று எங்களுக்குள் ஒரு சண்டை. தீர்த்து வையுங்கள்.

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மலேரியாவை முடித்துவிடுவோம். கொயினா கொடுத்து மலேரியாவைக் குணப்படுத்த வேண்டுமென்றால் பெரியவர்களுக்கு வேளைக்கு 600 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை. டானிக் வாட்டரில், அதாவது ஜின்னில் ஊற்றுகிற கொயினா கலந்த சோடாவில், லிட்டருக்கு ஏறக்குறைய 83 மில்லிகிராமுக்கு மேல் கொயினா இருக்கக் கூடாது என்பது அமெரிக்காவின் விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள், தினம் 20 லிட்டருக்கு மேல் உள்ளே போக வேண்டும். அதற்கேற்ற ஜின்னும் சேர்ந்தால் மலேரியாவுக்கு வேலையே இருக்காது.

சிப்பாய்க் கதையும் நிற்கவில்லை. இந்தியாவில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குக் கிடைத்தது பெரும்பாலும் ரம், இல்லையென்றால் சாராயம். கொயினா தனியாக மருந்தாகவே போனது. டானிக் வாட்டருக்கு லண்டனில் எராஸ்மஸ் பாண்ட் என்பவர் காப்புரிமை வாங்கியது 1858இல். பத்தே வருடத்தில், 1868இல், இந்தியாவைப் பற்றிய ஓர் ஆங்கில விளையாட்டுப் பத்திரிகையில் ஜின் டானிக் தலைகாட்டுகிறது. ஆஸ்பத்திரியில் அல்ல, குதிரைப் பந்தயத்தில். கூட்டம் கலைகிற நேரத்தில் ஜின் டானிக், பிராந்தி சோடா, சுருட்டு என்று கூவிக் கேட்கிறார்கள். காய்ச்சல்காரர்கள் கேட்கிற தோரணையா அது? பொழுதுபோக்கப் போன இடத்தில் தொண்டை வறண்டு கேட்டது. மருந்துக் கதை பிற்பாடு ஒட்டிக்கொண்டது. குடிப்பதற்கு ஒரு நல்ல காரணம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

ஆனால் கொயினாவின் உண்மையான வரலாறு நீங்கள் போய்வந்த அதே மலையில் இருக்கிறது. கிளமென்ட்ஸ் மார்க்கம் 1860இல் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்குப் போய், கொயினா கிடைக்கிற சிங்கோனா மரத்தின் செடிகளையும் விதைகளையும் சேகரிக்க ஏற்பாடு செய்தார். அவற்றை ஊட்டியில் வளர்த்தெடுத்தவர் அரசுத் தோட்டத்தின் கண்காணிப்பாளர் மெக்ஐவர். தொட்டபெட்டாவிலும், கூடலூர் போகிற வழியில் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் சீனக் கைதிகளை வைத்து வேலை வாங்கினார்கள். கொயினா இருப்பது மரத்தின் பட்டையில்தான், பட்டையை முழுக்க உரித்தால் மரம் செத்துவிடும். மெக்ஐவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டையை நீளவாக்கில் கீற்றுக் கீற்றாக, இடைவெளி விட்டு உரிப்பது. உரித்த இடத்தில் ஈரப் பாசியைச் சுற்றிக் கட்டிவிடுவது. பாசிக்கு அடியில் புதுப் பட்டை வளரும், அதையும் உரிக்கலாம். இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு முன்னால் ஜின்னில் டானிக்கை ஊற்றுவதெல்லாம் ஒரு கண்டுபிடிப்பே இல்லை என்பேன்.

சரி, பின் ஜின் டானிக் ஏன் இத்தனை வருடமாக நிற்கிறது? கசப்பினால்தான் என்பது என் கட்சி. கசப்பு மட்டும் இருந்தால் துப்பிவிடுவோம். பாகற்காய்க் குழம்பில் வெல்லக்கட்டி செய்கிற வேலையை இதில் சர்க்கரை செய்கிறது. பல டானிக் வாட்டர்களில் கோலாவுக்குக் கொஞ்சம்தான் குறைவாகச் சர்க்கரை இருக்கும், நாக்குக்கு அது தெரியவே தெரியாது. (கசந்தால் உடம்புக்கு நல்லது என்று நம்புகிற சர்க்கரை நோயாளிகள் குறித்துக்கொள்ளவும்.) இனிப்பு தெரிவதற்குள் கசப்பு வந்து மறைக்கிறது, கசப்பு தங்குவதற்குள் குமிழிகள் அதைக் கழுவிக்கொண்டு போகின்றன. மேலே, ஜின்னுக்கு மணம் கொடுக்கிற ஜூனிபர் காயின் பைன் மர வாசனை. ஒரு மடக்கு முடிந்ததும் வாய் சுத்தமாகி அடுத்த மடக்கைக் கேட்கிறது. இனிப்பான காக்டெயில்கள் இரண்டாவது கோப்பையில் திகட்டிவிடும். இதன் பலமும் ஆபத்தும் திகட்டாததுதான்.

சோடாவை ஊற்றிக் கொடுத்துவிட்டு இதுதான் ஜின் டானிக் என்கிற பார்கள் இருக்கின்றன. சந்தேகமாக இருந்தால் கல்லாவில் கள்ளநோட்டு பார்க்கிற ஊதா விளக்கின் கீழே கோப்பையைப் பிடியுங்கள். கொயினா இருந்தால் நீலமாக ஒளிரும். இந்த நீலத்தைப் பற்றி ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1845லேயே எழுதிவிட்டார்.

எலுமிச்சையா வெள்ளரிக்காயா என்றால் என் ஓட்டு எலுமிச்சைக்கு. வெள்ளரிக்காய் பார்க்க அழகு, அவ்வளவுதான். கோப்பை நிறைய ஐஸ், ஒரு பங்கு ஜின், மூன்று பங்கு நன்றாகக் குளிர்ந்த டானிக். டானிக்கைக் கோப்பையின் ஓரமாகச் சாய்த்து ஊற்றுங்கள், ஒரு தடவைக்கு மேல் கலக்காதீர்கள், குமிழி போய்விடும். எலுமிச்சைத் துண்டை லேசாகப் பிழிந்து உள்ளேயே போட்டுவிடலாம்.