கைப்பணிக் கேள்வி பதில்: கடல் கண்ணாடி

கேள்வி: காரைநகர் கசூரினாவிலும் வேலணைச் சாட்டியிலும் தேடிப் பார்த்தேன். கூரான புதுப் போத்தல் உடைவுகள்தான் கிடைக்கின்றன. அலையில் தேய்ந்து மழுங்கி மங்கலான கடல் கண்ணாடி எங்கே கிடைக்கும்?
வாசகி, சுழிபுரம்

பதில்: இரண்டும் குளிக்க நல்ல கடல், கண்ணாடி தேய்க்க உதவாத கடல். ஆழம் குறைவு, அலை சின்னது, அடியில் மென்மணல். போத்தல் துண்டு மழுங்குவதற்கு அலையும் வேண்டும், உரசக் கல்லும் வேண்டும். அப்படியிருந்தும் பல பத்தாண்டுகள் எடுக்கும். வல்வெட்டித்துறை, பருத்தித்துறைப் பக்கத்து முருகைக்கல் கரைகளில் வாய்ப்பு அதிகம். வாடைக்காற்று தணியும் மாசி, பங்குனியில், வற்று நேரம் பார்த்துப் போய், ஊரி (சின்னச் சிப்பி, சங்கு) ஒதுங்கிய கோட்டிலும் கல்லிடுக்குகளிலும் தேடுங்கள். களப்புக் கரையில் மினக்கெட வேண்டாம். இன்னொன்று: துருப்பிடித்த இரும்பு, இன்னதென்று தெரியாத உலோகத் துண்டு எதையும் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள், போர்க்கால வெடிபொருளாக இருக்கலாம். நம்முடைய கரைகளில் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கேள்வி: கல் உருட்டும் சின்ன மெசின் ஒன்று இருக்கிறது. கீரிமலைக் கடல் மணலும் போத்தல் துண்டும் போட்டு ஒரு கிழமை ஓடவிட்டேன். முனைகூட மழுங்கவில்லை. மெசின் பிழையா?
வாசகர், தெல்லிப்பழை

பதில்: மெசினில் பிழையில்லை, மணல்தான் பிழை. உங்கள் பக்கத்துக் கடல் மணலில் பெரும்பகுதி முருகைக்கல்லும் சிப்பியும் நொறுங்கிய சுண்ணாம்பு மணல். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோ அளவில் அதன் கடினம் 3 முதல் 4. கண்ணாடியுடையது ஏறத்தாழ 5.5. மெல்லியது வலியதைத் தேய்க்காது, தானே மாவாகிப் போகும். ஒரு கரண்டி மணலில் வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. அம்பன், நாகர்கோவில் பக்கத்து வெள்ளை மணல் சிலிக்கா, கடினம் 7. அது தேய்க்கும், ஆனால் மெதுவாக. அதோடு அந்த மணற்கும்பிகளில் கைவைப்பதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். இரத்தினக்கல் வெட்டுவோர் பாவிக்கும் காபரண்டம் தூளை வாங்குங்கள். அதன் கடினம் 9க்கு மேல். தூளின் பருமன் எண் 60/90 அல்லது 80 (எண் கூடினால் தூள் நுண்மை).

அளவு இது. மூன்று இறாத்தல் டிரம் என்றால் அரைவாசிக்கும் மூன்றில் இரண்டுக்கும் இடையில் கண்ணாடி. 2 மேசைக்கரண்டி காபரண்டம். கண்ணாடியின் மேல்மட்டம் சற்றே வெளியில் தெரியுமளவுக்குத் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். தண்ணீர் கூடினால் தூள் அடியில் தங்கிவிடும், கண்ணாடியில் ஒட்டாது. 48 மணித்தியாலம் ஓடியதும் திறந்து ஒரு துண்டைக் கழுவி, விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். கூர் இருந்தால் கழுவிப் புதுத் தூள் போட்டு இன்னும் இரண்டு நாள். கண்ணாடியின் மேற்பரப்பு மிருதுவாக வேண்டுமென்றால் 120/220 தூளில் மேலும் ஒரு நாள். அதோடு நிறுத்த வேண்டும். அதைவிட நுண்ணிய தூள் போட்டால் மங்கல் போய்ப் பளபளப்பு வந்துவிடும்.

கரண்ட் போய் மெசின் நின்றால் டிரம்மைக் கையால் இடைக்கிடை உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சேறு அடியில் இறுகிவிடும். கழுவிய தண்ணீரைக் குசினித் தொட்டியில் ஊற்றவே கூடாது. குழாய்க்குள் சீமெந்து மாதிரி இறுகும். வாளியில் அடையவிட்டு, தெளிந்த தண்ணீரைக் கிணற்றிலிருந்து தூரத்தில் ஊற்றி, சேற்றை ஈரமாகவே பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். காய்ந்தால் அது கண்ணாடித் தூசி, நெஞ்சுக்குக் கேடு.

கேள்வி: விளிம்புகள் மழுங்குகின்றன, ஆனால் பிறை மாதிரி வெடிப்புகள் விழுகின்றன. காய்ந்தபின் வெள்ளைப் படலமும் தெரிகிறது.
வாசகி, நல்லூர்

பதில்: டிரம் பாதிக்குமேல் காலியாக இருந்தால் துண்டுகள் வழுக்காமல் விழுந்து மோதும். அளவைக் கூட்டுங்கள், பெரியதோடு சின்னத் துண்டுகளும் உடைந்த பீங்கானும் கலந்து போடுங்கள். ஊரி போடாதீர்கள், அரைபட்டுச் சேற்றைத் தடிப்பாக்கிவிடும். 3 மில்லிமீற்றரிலும் மெல்லிய கண்ணாடி எளிதில் உடையும். போத்தலின் அடிப்பாகம்தான் நல்லது. உடைக்கும்போது சாக்கில் சுற்றி, கண்ணுக்குக் கவசம் போட்டு, சுத்தியலால் தட்டுங்கள். வெள்ளைப் படலம் நம் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு. வினாகிரியில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு மழைத்தண்ணீரில் அலசினால் போய்விடும். எண்ணெய் பூசி மறைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் நீங்கள் பாடுபட்டு எடுத்த மங்கலும் சேர்ந்து மறையும்.

கேள்வி: துளை போடும்போது கடைசி நேரத்தில் உடைகிறது.
வாசகர், சாவகச்சேரி

பதில்: வைர முனை, 2 மில்லிமீற்றர். மாபிள் துளைக்கும் அலகு வேண்டாம். பிளாஸ்டிக் பெட்டியில் பழைய இறப்பர்ச் செருப்பின் அடியை விரித்து, அதன்மேல் கண்ணாடியை வைத்து, அது மூழ்க ஒரு சென்ரிமீற்றர் தண்ணீர் விடுங்கள். பற்றரி துளைகருவியே பாவியுங்கள். வயர் கருவியைத் தண்ணீருக்கு மேல் பிடிப்பது உயிரோடு விளையாட்டு. முனையைச் சரித்துத் தொட்டு ஒரு சிறு பள்ளம் விழுந்தபின் மெல்ல நிமிர்த்துங்கள். சில விநாடிக்கொருதரம் தூக்கித் தண்ணீரை உள்ளே போகவிடுங்கள். பாதியில் திருப்பி மறுபக்கத்திலிருந்து துளைத்தால் வெளியேறும் முனை சில்லாக உடையாது. விளிம்பிலிருந்து 4 மில்லிமீற்றர் தள்ளியே தொடங்குங்கள். வெள்ளைச் சேறு வராமல் முனை சும்மா சுற்றினால் வைரம் தேய்ந்துவிட்டது, அழுத்தாமல் மாற்றுங்கள்.

கேள்வி: மெசின் இல்லாமல் கண்ணாடி அரிக்கும் பசை பூசினால் போதாதா?
வாசகி, கொக்குவில்

பதில்: போதாது. மேற்பரப்பு மட்டும் மங்கும், விளிம்பு கத்திபோல அப்படியே இருக்கும். அதிலுள்ள புளோரைட் சேர்மம் தோலுக்குள் இறங்கிப் புண்ணாக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மெசினில் செய்ததைக் கடல் கண்ணாடி என்று விற்கலாமா?
வாசகர், பருத்தித்துறை

பதில்: மெசினில் உருட்டியது என்று எழுதி ஒட்டி விற்கலாம். மறைத்து விற்றால் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றே போதும், பிடிபட. கடல் தேய்த்ததில் சிறு குழிகளும் C வடிவக் கீறல்களும் ஒழுங்கின்றிக் கிடக்கும். அலையில் கல்லோடு மோதியும் உப்புநீர் நெடுங்காலம் அரித்தும் விழுந்த தடம் அது. மெசினில் செய்தது எங்கும் ஒரே சீரான மங்கல். விலையை வேலைக்கு ஏற்றபடி வையுங்கள். கட்டுவதற்குச் செம்புக் கம்பி பாவித்தால் பருத்தித்துறை உப்புக்காற்றில் விரைவில் பச்சை பிடிக்கும். வெள்ளியோ துருப்பிடிக்காத உருக்கோ நல்லது: சட்டத்துக்கு 0.8 மில்லிமீற்றர், சுற்றிக் கட்ட 0.4.