சித்தப்பா தடுக்க முடியுமா? 1908 லண்டனில் ஒரு வாரிசுப் பெண்ணின் சட்ட நிலை

கேள்வி: 1908ஆம் ஆண்டு லண்டனில் நடக்கும் ஒரு நாவலை எழுதி வருகிறேன். என் நாயகிக்கு வயது 22. மேட்டுக்குடிக் குடும்பத்தின் ஒரே மகள். தாய் முன்பே இறந்துவிட்டார். 1906இல் காலமான தந்தை, 'கன்சால்ஸ்' எனப்படும் அரசுக் கடன் பத்திரங்களில் 20,000 பவுனை அவளுக்கு எழுதிவைத்திருக்கிறார். வட்டியை அசலோடு சேர்த்துக்கொண்டே வந்து அவளுடைய 25 வயதில் மொத்தமாகக் கொடுக்க வேண்டும் என்றும், சித்தப்பாவின் சம்மதமின்றி அவள் திருமணம் செய்யக் கூடாது என்றும் உயில் சொல்கிறது. டிரஸ்டியும் அந்தச் சித்தப்பாதான். அவள் தனி வீடு எடுத்து வாழவும், லண்டனில் இருக்கும் ஒரு பிரெஞ்சு ஓவியரை மணக்கவும் விரும்புகிறாள். சித்தப்பா போலீஸை அனுப்பி அவளைத் திரும்ப அழைத்துவருவதாக ஓர் அத்தியாயமும், பணத்துக்காக அவள் 25 வயது வரை காத்துக் கிடப்பதாக இன்னோர் அத்தியாயமும் எழுதிவிட்டேன். அன்றைய சட்டப்படி இவை நிற்குமா?

வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

இரண்டு அத்தியாயங்களையும் நீங்கள் திருத்த வேண்டியிருக்கும். ஆனால் உயிலின் வாசகத்தைச் சரியாக அமைத்துக்கொண்டால், இப்போது இருப்பதைவிட வலுவான சிக்கல் உங்கள் கதைக்குக் கிடைக்கும் என்பதால் வருத்தப்படத் தேவையில்லை.

முதலில் போலீஸ் காட்சி. அன்றைய இங்கிலாந்தில் ஒருவர் மேஜராகும் வயது 21. அது 18 ஆகக் குறைந்தது 1970இல்தான். 21 நிறைந்ததும் பாதுகாவலரின் அதிகாரம் முடிந்துவிடும். மேஜரான, மணமாகாத பெண், சொத்து வைத்திருக்கவும், வாடகை ஒப்பந்தம் எழுதவும், வங்கிக் கணக்கு நடத்தவும், வழக்குத் தொடுக்கவும், உயில் எழுதவும் ஓர் ஆணுக்கு இருந்த தகுதியையே பெற்றிருந்தாள். 1882ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம் மனைவியருக்காக வந்தது; மணமாகாதவர்களுக்கு அந்த உரிமைகள் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தன. எனவே 22 வயதுப் பெண் வீட்டை விட்டுப் போனால் அவளைப் பிடித்துவரப் போலீஸாருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. கணவனுக்கே அந்த உரிமை இல்லை என்று 1891இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிளிதெரோ ஊரில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வெளியே வந்த மனைவியை ஜாக்சன் என்பவர் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய், பிளாக்பர்னில் ஒரு வீட்டில் அடைத்துவைத்தார். ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வந்தபோது, மனைவியைச் சிறைவைக்கும் உரிமை கணவனுக்கு இல்லை என்று தீர்ப்பளித்து நீதிபதிகள் அந்தப் பெண்ணை விடுவித்தனர். கணவனுக்கு இல்லாதது சித்தப்பாவுக்கு எங்கிருந்து வரும்?

துணைக்கு ஒரு மூத்த பெண்மணி இல்லாமல் வெளியே போவது இழுக்கு என்பதெல்லாம் மேட்டுக்குடிச் சமூகம் விதித்த கட்டுப்பாடு. அதை மீறினால் விருந்துகளுக்கு அழைப்பு வராமல் போகலாம். அது நீதிமன்றம் ஏறும் விஷயம் இல்லை. தனியாக வாழும் படித்த பெண்களுக்கென்றே புளூம்ஸ்பரிப் பகுதியின் சீனீஸ் தெருவில் 1889 முதல் ஒரு குடியிருப்பு இருந்தது. நாயகியை அங்கே குடிவைக்கலாம். அவள் கார் ஓட்டுவதாக எழுதினாலும் தவறில்லை: 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டப்படி 5 ஷில்லிங் கட்டினால் ஆண் பெண் வேறுபாடின்றி ஓட்டுநர் உரிமம் கிடைத்தது, அதற்குத் தேர்வுகூட இல்லை. சித்தப்பாவைக் கொடியவராகக் காட்டியே தீர வேண்டுமென்றால், 1890ஆம் ஆண்டின் மனநோயாளர் சட்டம் ஒரு வழி தருகிறது. உறவினர் ஒருவரின் மனுவும் இரண்டு மருத்துவர்களின் சான்றிதழ்களும் இருந்தால், அதற்கென அதிகாரம் பெற்ற நீதிபதி, சம்பந்தப்பட்டவரை மனநலக் காப்பகத்தில் சேர்க்க உத்தரவிடலாம். போலீஸைவிட இது நம்பத்தக்கது, படிப்பவருக்கு அச்சமும் தரும்.

இனிப் பணம். கன்சால்ஸ் பத்திரங்களுக்கு அப்போது வட்டி 2½ சதவீதம். 20,000 பவுன் முகமதிப்புக்கு ஆண்டுக்கு 500 பவுன் வரும். ஒரு பெண் வேலைக்காரியை வைத்துக்கொண்டு கௌரவமாகத் தனியே வாழ இது போதும். இதற்காக அவள் 25 வயது வரை காத்திருக்க வேண்டுமா என்பதற்கான விடை, 1841இல் தீர்ப்பான சாண்டர்ஸ் எதிர் வாட்டியர் வழக்கில் இருக்கிறது. அதிலும் ஏறக்குறைய இதே உயில்தான்: கிழக்கிந்தியக் கம்பெனியின் 2,000 பவுன் பங்குகளை டிரஸ்டிகளிடம் ஒப்படைத்து, வருமானத்தைச் சேர்த்துவைத்து, வாட்டியர் என்ற இளைஞருக்கு 25 வயதில் தரச் சொல்லியிருந்தார் உயில் எழுதியவர். வாட்டியர் 21 வயதிலேயே வந்து கேட்டார், நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. சொத்து முழுவதும் ஒருவருக்கே உரியது, அதில் வேறு யாருக்கும் பங்கில்லை, அவர் மேஜரும்கூட என்றால், அவருடைய பணத்தை அவர் கையில் கொடுக்காமல் நிறுத்திவைப்பதால் யாருக்கும் பயனில்லை என்பதே அந்த விதியின் அடிப்படை. நம் வாசகர்களுக்கும் இது புதிதல்ல. 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் 56ஆம் பிரிவின் எடுத்துக்காட்டில், 24 வயது வரை வட்டியைச் சேர்க்கச் சொன்ன அரசுப் பத்திரங்களை மேஜரானதுமே கேட்டு வாங்கிக்கொள்ளும் ஒரு பயனாளி வருகிறார். வாட்டியரை நினைத்தே அதை எழுதினார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆகவே உங்கள் நாயகி 21 வயதிலேயே பணத்தைக் கேட்டிருக்கலாம். ஆனால் 'வேறு யாருக்கும் பங்கில்லை' என்ற நிபந்தனையில்தான் உங்கள் நாவலே அடங்கியிருக்கிறது. சம்மதமின்றித் திருமணம் செய்யக் கூடாது என்று உயில் வெறுமனே சொல்லிவிட்டு நின்றிருந்தால், பத்திரம், ரொக்கம் போன்ற அசையும் சொத்தைப் பொறுத்தவரை ஆங்கில நீதிமன்றங்கள் அதை ஒரு மிரட்டலாக மட்டுமே கருதின. தந்தை மகளைப் பயமுறுத்தப் பார்த்தார், அதை மீறினாலும் பணம் பறிபோகாது என்பது பொருள். அசையாச் சொத்துக்கு இந்தச் சலுகை இல்லை. மாறாக, "அவ்வாறு மணந்தால் அந்தத் தொகை என் தம்பி மகனுக்குச் சேரட்டும்" என்று ஒரே ஒரு வரி கூடுதலாக இருந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். நிபந்தனை செல்லும், மீறினால் பணம் தம்பி மகனுக்குப் போய்விடும், அவருக்கும் ஓர் எதிர்பார்ப்பு உரிமை பிறந்துவிடுவதால் வாட்டியர் விதியைக் காட்டி அவள் அசலை இப்போதே கேட்கவும் முடியாது. 'அவள் 25 வயதை அடைந்தால்' என்று எழுதி, அதற்குள் இறந்துபோனால் வேறொருவருக்கு என்று உயில் சொல்லியிருந்தாலும் இதே தடைதான்.

ஆகையால் சித்தப்பாவை விட்டுவிட்டு, அந்தத் தம்பி மகனைக் கதைக்குள் கொண்டுவாருங்கள் என்பதே என் யோசனை. அவரும் மேஜராக இருந்து, தன் எதிர்பார்ப்பை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டால், பயனாளிகள் அனைவரும் ஒன்றுசேர்ந்து கேட்பதால் டிரஸ்டி பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். கையெழுத்துக்கு அவர் என்ன விலை கேட்பார் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். அவர் சித்தப்பாவின் சொந்த மகனாகவே இருந்துவிட்டால் இன்னும் நல்லது. டிரஸ்டி நேர்மையாக யோசித்துச் சம்மதம் மறுத்தால் நீதிமன்றம் பொதுவாகத் தலையிடாது; தன் மகனுக்குப் பணம் வர வேண்டும் என்பதற்காக மறுத்தார் என்று காட்ட முடிந்தால் தலையிடும். வழக்கு ஸ்டிராண்ட் சாலையில் உள்ள நீதிமன்ற வளாகத்தில், டிரஸ்ட் வழக்குகளை விசாரிக்கும் சான்சரிப் பிரிவில் நடக்கும். அவளுடைய வழக்கறிஞரான சொலிசிட்டரை ஆணாகவே எழுதுங்கள். 1913இல்கூட நான்கு பெண்கள், தங்களைச் சேர்க்க மறுத்த சொலிசிட்டர்களின் சட்டச் சங்கத்தை எதிர்த்து வழக்குப் போட்டுத் தோற்றார்கள், அந்தக் கதவு திறந்தது 1919ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான்.

பணத்தை எப்போது வாங்குகிறாள் என்பதும் முக்கியம். அக்காலத்துப் பணக்காரத் தந்தைகள் மகளுக்கு எழுதிவைக்கும்போது, மணவாழ்வுக் காலத்தில் அவள் அசலை விற்கவோ, வரப்போகும் வட்டியை முன்கூட்டியே அடகுவைக்கவோ முடியாதபடி ஒரு தடையையும் சேர்ப்பது வழக்கம். மருமகன் மிரட்டியோ கெஞ்சியோ சொத்தைக் கரைத்துவிடக் கூடாது என்ற அச்சமே காரணம். உங்கள் உயிலிலும் அது இருப்பதாக வைத்துக்கொள்வது பொருத்தம். மணமாகாதவரை இந்தத் தடை உறங்கும். தாலி ஏறியதும் விழித்துக்கொள்ளும். ஆகவே திருமணத்துக்கு முன்பே தொகையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட பெண் தப்பித்தாள், பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவள் மாட்டிக்கொண்டாள். இங்கிலாந்து இதை 1949இல் அடியோடு நீக்கிவிட்டது. நம்முடைய சொத்து மாற்றுச் சட்டம் 10ஆம் பிரிவிலோ, இந்து, முஸ்லிம், பௌத்தர் அல்லாத பெண்களுக்கு இத்தகைய தடையுடன் சொத்து எழுதிவைக்கலாம் என்ற விதிவிலக்கு இன்றும் அச்சில் கிடக்கிறது.

வாக்குரிமை பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். நாடாளுமன்றத் தேர்தலில் அவளுக்கு வாக்கில்லை. உள்ளாட்சி வரி செலுத்தும் மணமாகாத பெண் என்ற முறையில் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். வரி மட்டும் கேட்கிறார்கள், வாக்கு தர மறுக்கிறார்கள் என்று கொதித்தவர்களில் மகாராஜா துலீப் சிங்கின் மகள் இளவரசி சோஃபியாவும் ஒருவர். நாய்க்கும் வேலையாளுக்கும் உரிய உரிமக் கட்டணத்தைக் கட்ட மறுத்ததால் 1911இல் அவருடைய வைர மோதிரம் ஜப்தியாகி ஏலத்துக்குப் போனது. தோழி ஒருவர் அதை ஏலத்தில் எடுத்து அவரிடமே திருப்பித் தந்தார்.

ஓவியர் பிரெஞ்சுக்காரர் என்பதில்தான் நீங்கள் கவனிக்காத பெரிய ஆபத்து இருக்கிறது. 1870ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி அந்நியரை மணக்கும் ஆங்கிலப் பெண் அந்த நொடியே பிரிட்டிஷ் பிரஜை என்ற தகுதியை இழந்து கணவனின் நாட்டவளாகிவிடுவாள். பிரான்சின் சிவில் சட்டத்தில் மனைவி ஒப்பந்தம் செய்யவும் வழக்குப் போடவும் கணவனின் அனுமதி வேண்டும்; இங்கிலாந்தில் 26 ஆண்டுகளாகக் கிடைத்துவந்தது அங்கே இல்லை. அவருடைய நிலையான இருப்பிடம் பிரான்ஸ் என்றால், திருமணத்துக்கு முன் சொத்து ஒப்பந்தம் எழுதாத தம்பதியின் அசையும் சொத்து இருவருக்கும் பொதுவாகிவிடும். ரீஜன்ட் தெருவில் கஃபே ராயல் நடத்திய டேனியல் நிக்கல்ஸ் பாரிஸில் ஒப்பந்தமின்றி மணந்தவர். இங்கிலாந்துக்கு வந்து பெரும் பணம் சேர்த்து, தன் விருப்பப்படி உயில் எழுதி இறந்தார். பிரெஞ்சுச் சட்டப்படி பாதி தன்னுடையது என்று விதவை தொடுத்த வழக்கில், அசையும் சொத்தைப் பொறுத்தவரை 1900இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்த்தது. அங்கே அந்த விதி மனைவிக்கு உதவியது. உங்கள் நாயகியிடம் 20,000 பவுனும் ஓவியரிடம் தூரிகையும் இருப்பதால் இங்கே எதிர்த்திசையில் வேலை செய்யும்.

ஓவியரின் குடும்பத்தார் சம்மதத்தையும் விட்டுவிடாதீர்கள். 1908ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் ஆக்டன் எதிர் ஆக்டன் என்றொரு வழக்கு உண்டு. 19 வயதுப் பிரெஞ்சு இளைஞர் ஒருவர் இங்கிலாந்தில் ஓர் ஆங்கிலப் பெண்ணை மணந்தார். பெற்றோர் சம்மதம் இல்லையென்று பிரெஞ்சு நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. அவர் ஊர் திரும்பி வேறொருத்தியை மணந்துகொண்டார். இனித் தனக்கும் விடுதலை என்று நம்பி அந்தப் பெண் ஆக்டன் என்பவரை மணக்க, முதல் திருமணம் இங்கிலாந்தில் செல்லும், ஆகவே ஆக்டனுடனான திருமணம் செல்லாது என்று ஆங்கில நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரான்சில் மனைவியுமில்லை, இங்கிலாந்தில் விடுதலையுமில்லை. உங்கள் ஓவியர் மேஜர் என்றாலும், பிரெஞ்சுச் சட்டம் கேட்கும் காகிதங்களை எல்லாம் திருமணத்துக்கு முன்பே பெற்றுவிடுவது நல்லது.

இவற்றைத் தவிர்க்க, அவர் இங்கிலாந்திலேயே நிரந்தரமாக வாழ முடிவுசெய்தவர் என்று கதையில் தெளிவாக நிறுவி, திருமணத்துக்கு முன் சொத்து ஒப்பந்தம் ஒன்றையும் எழுதிவிடுங்கள். அப்போதும் இரண்டு விஷயங்கள் மிஞ்சும். முதலாவது வருமான வரி: 1842ஆம் ஆண்டுச் சட்டப்படி சேர்ந்து வாழும் மனைவியின் வருமானம் கணவனின் வருமானமாகவே கணக்கிடப்படும். மருத்துவரான தன் மனைவி கட்ட மறுத்த வரிக்காக மார்க் வில்க்ஸ் என்ற பள்ளி ஆசிரியர் 1912இல் சிறைக்கே போனார். உங்கள் ஓவியருக்கும் அந்த நோட்டீஸ் வரும். இரண்டாவது உயில்: மணமாகும் முன் அவள் எழுதியது எதுவானாலும், 1837ஆம் ஆண்டின் உயில் சட்டப்படி திருமணத்தோடு ரத்தாகிவிடும். அதன்பின் உயில் இல்லாமல் இறந்தால், ஒப்பந்தத்துக்குள் வராத அவளுடைய அசையும் சொத்து முழுவதும் கணவனுக்கே சேரும். எனவே திருமணம் முடிந்த கையோடு அவள் புதிய உயில் எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். வேலைக்காரிக்கு 50 பவுன் எழுதிவைக்க நினைத்தால் அவளைச் சாட்சியாகப் போடக் கூடாது, போட்டால் அந்த 50 பவுன் அவளுக்குக் கிடைக்காது.