இலை கொட்டிய தொட்டி அத்தி: செத்துவிட்டதா?

சாகவில்லை, தூக்கி எறிந்துவிடாதீர்கள். குளிருக்காகக் கராஜுக்குள் வைத்த அத்திக் கன்று பத்தே நாளில் மொட்டையாகிவிட்டது, வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றுகிறேன் என்கிறீர்கள். அத்தி இலையுதிர் மரம். இப்போது உறங்குகிறது, அவ்வளவுதான்.

சந்தேகமிருந்தால் தண்டை நகத்தால் லேசாகக் கீறுங்கள். ஈரப்பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பென்றால் இன்னும் கீழே கீறிப் பாருங்கள். நுனி காய்ந்தாலும் அடித்தண்டு பெரும்பாலும் பிழைத்திருக்கும்.

எனக்குப் பயம், வாரம் இருமுறை ஊற்றும் அந்தத் தண்ணீர்தான். இலையில்லாத செடி ஏறக்குறைய தண்ணீரே குடிக்காது, வேர்தான் அழுகும். மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விரலை விடுங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஒரு டம்ளர். வெளிச்சம் வேண்டாம். 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் போதும்.

கராஜின் வெப்பநிலை அதற்கும் கீழே வெகுவாக இறங்கினால் தொட்டியைச் சுற்றிப் பழைய போர்வை கட்டுங்கள். கிளையைவிட வேர்தான் குளிருக்குச் சீக்கிரம் சாகும். வசந்தத்தில் வெளியே எடுத்து வைக்க அவசரப்படாதீர்கள், தளிர்விட்டபின் ஒரு இரவு உறைபனி பட்டாலும் தளிர் கருகிவிடும்.